எடைக்குப் போடாதே, பாப்பா

மன்னார்குடி,
கார்த்திகை, வெள்ளிக்கிழமை இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம். அடைமழை விட்டு இப்போதுதான் வெயில் தலைகாட்டுகிறது. துணியெல்லாம் இன்னும் ஈர வாடை அடிக்கிறது. நாய்ப் பயல் சாம்பு திண்ணையில் வெயில் விழும் இடமாகப் பார்த்து நகர்ந்து நகர்ந்து படுக்கிறான்.

நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்ட குரலே சொல்லிவிட்டது. மணி மூன்றேகாலுக்கு "சாப்பிட்டேன் அத்தை" என்கிறாய். அது காலைச் சாப்பாடா, மத்தியானச் சாப்பாடா என்றால் சிரிக்கிறாய். ராத்திரி இரண்டு மணிக்கு நீ வாட்ஸ்அப்பில் இருந்ததை உன் அம்மா பார்த்துவிட்டு மறுநாள் என்னிடம் வந்து சொன்னாள். அந்த நேரத்தில் அவளுக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று நான் கேட்கவில்லை.

போனில் சொல்ல வேண்டியதை ஏன் கடிதமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் "சரி அத்தை, சரி அத்தை" என்று சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

அன்றைக்கு நீ இரண்டு விஷயம் சொன்னாய். தை பிறந்ததும் அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப் போகிறாய், வீட்டை வாடகைக்கு விடுகிறாய், சாம்புவைப் பட்டுக்கோட்டைப் பக்கம் யாரோ தோப்பில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பது ஒன்று. புதுசாக என்ன கதை படித்தாய் என்று கேட்டதற்கு, "கதையெல்லாம் இப்ப படிக்கிறதே இல்லை அத்தை, டைம் வேஸ்ட்" என்றது இன்னொன்று. உனக்கு இரண்டும் வேறு வேறு பேச்சு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இரண்டையும் சேர்த்தே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்மாவை உன்னோடு வைத்துக்கொள்வது நல்ல முடிவு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாம்பு விஷயத்திலும் முடிவு உன்னுடையதுதான். வளர்ந்த பெண், சம்பாதிக்கிற பெண். நான் யோசனை சொல்லலாம், உத்தரவு போட முடியாது. யோசனைதான் சொல்கிறேன்.

சாம்புவுக்குப் பெயர் வைத்தது யார் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். உன் அப்பா "டைகர்" என்று கூப்பிடப் பார்த்தார். வந்த வாரமே வாசல் மிதியடியைப் பிராண்டிக் கிழித்தான். அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டு போன உன் அம்மா, கிழிந்த நாருக்குள் தன் மூக்குத்தித் திருகைப் பார்த்தாள். வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடிக் கிடைக்காத திருகு. உதை வாங்க வேண்டியவன் ஒரு நொடியில் துப்பறிந்தவனாகிவிட்டான். தேவன் எழுதிய துப்பறியும் சாம்புவும் அப்படித்தானே. பாங்க் குமாஸ்தா, அசடு, ஆனால் தடுக்கி விழுந்த இடத்திலெல்லாம் திருடன் அகப்படுவான். அந்தப் பெயரை விட்டு டைகராவது, சிங்கமாவது!

உன் அப்பா மட்டும் அவனைத் தெருநாய் என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. தபால் ஆபீஸ்காரர் இல்லையா, 2005 ஜனவரியில் நம் நாட்டு நாய்களுக்காக வந்த நாலு தபால்தலைகளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். ராஜபாளையம், முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டுநாய். வருகிறவர்களிடம் ராஜபாளையம் தலையைக் காட்டி, "மூக்கைப் பாருங்க, அப்படியே இருக்கா?" என்பார். ராஜபாளையம் பால் வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. நம்ம சாம்பு செம்மண் நிறம், மூக்கு கன்னங்கரேல். வந்தவர்களும் காபி குடித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

இப்போது உனக்குப் பலமுறை சொன்ன கதைக்கு வருகிறேன். முகம் சுளிக்காதே. நீ பார்க்கிறாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது, அதனால் தாராளமாகச் சுளித்துக்கொள்.

உன் அப்பாயி வாராவாரம் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, வருஷக் கடைசியில் பைண்டு பண்ணுவாள். விகடனில் வந்த தேவன் கதைகள் ஒரு கட்டு. 1950லிருந்து 1954 வரை கல்கியில் வந்த 'பொன்னியின் செல்வன்' மணியம் படங்களோடு தனியாக ஐந்து கட்டு. துப்பறியும் தொடர்கள் எல்லாம் சேர்ந்து சிவப்பு அட்டையில் ஒன்று. ஒவ்வொரு அட்டையிலும் மசியால் கதையின் பெயரும் கீழே தன் பெயரும். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்ட பெண்பிள்ளையின் கையெழுத்து, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு.

எனக்கு பி.யு.சி. ரிசல்ட் வந்த வாரம். கணக்கில் மார்க் குறைந்ததற்கு இந்தக் குப்பைதான் காரணம் என்று தாத்தா தீர்மானித்துவிட்டார். பழைய பேப்பர்க்காரர் தராசோடு வந்தார். "அட்டை எடைக்கு வராதுங்க" என்று ஒவ்வொரு கட்டிலிருந்தும் அட்டையைப் பிய்த்து முற்றத்தில் போட்டார். உள்ளே இருந்ததெல்லாம் தராசில் ஏறி, சாக்கில் இறங்கியது. அப்பாயி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றவன் என் அண்ணன், அதாவது உன் அப்பா.

அந்தச் சிவப்பு அட்டையை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். இந்தக் கடிதத்தையும் அதன் மேல் வைத்துத்தான் எழுதுகிறேன்.

அப்பாயிக்கு அதனால் என்ன லாபம் என்று யாரும் கேட்டிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது. எட்டுப் பேர் சாப்பாட்டை முடித்து, பாத்திரத்தை ஒழித்துப் போட்டபின் அரைமணி நேரம் அவள் மனசு அவளுடையதாக இருந்தது. அவ்வளவுதான். தராசு வைத்திருப்பவனுக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரிந்தது எத்தனை கிலோ என்பது.

நான் நூலகத்துக்கு வேலைக்குப் போனதற்கு வேறு காரணம் சொல்லியிருப்பேன். உண்மைக் காரணம் அந்தச் சாக்கு. நான் உத்தியோகம் பார்த்த இடத்துக்கு வந்த எந்த மனுஷரையும், என்ன படிக்கிறாய் என்று புருவம் தூக்கிப் பார்த்ததில்லை. நம்ம சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931ல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு வேண்டிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது. தகுதியான வாசகருக்கு என்று அவர் எழுதவில்லை, உருப்படியான புத்தகம் என்றும் எழுதவில்லை. அதே 1931ல்தான் இந்த மன்னார்குடியிலிருந்து மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். அதிலும் அவருக்குப் பங்கு உண்டு. களத்துமேட்டில் உட்கார்ந்திருப்பவரைத் தேடி வண்டி போயிற்று, பாப்பா. அவர் பரீட்சைக்குப் படிக்கவில்லை.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் மாத நாவல் அலமாரியை ஏன் முன்னால் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். "வாசலில் செருப்பை விட்டதும் அவர்கள் தேடுவது அதைத்தான் சார்" என்றேன். பின்னால் தள்ளச் சொன்னார். தள்ளினேன். அவர் ஜீப் தெருமுனை திரும்பியதும் பழையபடி முன்னால் இழுத்தேன். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிற ஜனம், 1948ல் சட்டம் வந்ததிலிருந்து கட்டுகிற ஜனம். அவர்கள் காசில் அவர்களுக்குப் பிடித்த புத்தகம் வாங்கி வைக்க எவன் மனசு கோண வேண்டும்?

நைட் டூட்டி நர்ஸ் ஒரு பெண், ரமணிசந்திரன் தவிர எதுவும் தொடமாட்டாள். சித்தாள் வேலைக்குப் போகிற ஒருவர் ராஜேஷ்குமாரை வரிசையாகப் படித்தார், படித்ததையே எடுத்துப் போகாமல் இருக்கக் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி வைப்பார். இவர்கள் எல்லாரும் அதிலிருந்து தொடங்கிப் பெரிய இலக்கியத்துக்கு வந்தார்கள் என்று சொன்னால் நீ ஒப்புக்கொள்வாய். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சிலர் வந்தார்கள், பலர் வரவில்லை. வர வேண்டும் என்று யார் சொன்னது? அந்தப் பெண் விடிய விடியக் கண்விழித்து, படித்து, சிரித்து, காலையில் பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள். அது எதற்கும் படிக்கட்டாக இருக்க வேண்டியதில்லை.

தஞ்சாவூர் போகிற வழியில் வடுவூர் ஏரியைப் பார்க்கும்போதெல்லாம் உனக்குக் கொக்கும் நாரையும் காட்டியிருக்கிறேன். அந்த ஊர்க்காரர் ஒருவரைச் சொன்னேனோ இல்லையோ. வடுவூர் துரைசாமி ஐயங்கார். நூறு வருஷத்துக்கு முன்னால் துப்பறியும் நாவலாக எழுதிக் குவித்தவர். அவருடைய 'மேனகா' 1935ல் படமாக வந்தது, 'திகம்பர சாமியார்' 1950ல் வந்தது, அதில் நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போடுவார். அவர் புத்தகங்களைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துப் படித்த காலம் ஒன்று இருந்தது. படிப்பதே ஒரு குற்றம், அதிலும் பெண் படிப்பது இரட்டைக் குற்றம். இந்த இளக்காரம் புதுசில்லை என்பதற்காகச் சொல்கிறேன். அன்றைக்கு "கெட்டுப் போவாய்" என்றார்கள். இன்றைக்கு நீயாகவே "டைம் வேஸ்ட்" என்று சொல்லிக்கொள்கிறாய். தாத்தாவுக்குத் தராசுக்காரரைக் கூப்பிட வேண்டியிருந்தது. உங்கள் தலைமுறைக்கு அந்தச் சிரமம்கூட இல்லை.

நீ படிப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. போன தடவை வந்தபோது உன் மேஜையில் இருந்ததைப் பார்த்தேன். காலையில் ஐந்து மணிக்கு எழுவது எப்படி, பணத்தைப் பெருக்குவது எப்படி, பழக்கத்தை மாற்றுவது எப்படி. அதையும் முழுசாகப் படிக்க நேரமில்லாமல் பதினைந்து நிமிஷச் சுருக்கத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் காதில் ஓடவிட்டுக்கொண்டு பல் தேய்க்கிறாய். வருஷத்துக்கு 50 புத்தகம் என்று சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாய். பகல் பூராவும் மேனேஜர் உன்னைத் திருத்துகிறார். ராத்திரி வந்து உட்கார்ந்தால் புத்தகமும் உன்னைத் திருத்துகிறது. உன்னை உன் போக்கில் விடுகிற ஜீவன் ஒன்றாவது வேண்டாமா?

நீ பார்க்கும் வேலையைப் பற்றிச் சொன்னாயே, கம்ப்யூட்டரைப் பேசப் பழக்குவது என்று. எனக்கு உடனே ஜீனோ ஞாபகம் வந்தது. சுஜாதா 80களில் விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா', கதை 2021ல் நடப்பதாக வரும். அதில் பேசுகிற, யோசிக்கிற, புத்தகம் படிக்கிற இயந்திர நாய். அந்த நாய்க்குக்கூடப் புத்தகம் படிக்க நேரம் இருந்தது என்பதைக் கவனி. தொடர் வந்த வாரங்களில் வியாழன் வெள்ளி என்று நூலகத்தில் விகடனுக்கு வரிசை நின்றது. வேலை மெனக்கெட்டுப் போய், நின்று, படித்து, பேசிக்கொண்டே கலைந்தார்கள். அவர்களில் ஒருத்தருக்கும் சம்பளம் உயரவில்லை.

இதற்கும் சாம்புவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறாய். அவனும் எடைக்கு வரமாட்டான், அதுதான் சம்பந்தம். காவல் காக்கிறானா என்றால், பால்காரரைப் பார்த்து வாலாட்டுகிறான். ஒன்பது வயசு, இடது கண்ணில் புரை விழ ஆரம்பித்துவிட்டது. வாடகைக்கு விடும் வீட்டில் வரவு செலவு பார்த்தால் அவன் செலவுப் பக்கம். எதையும் என்ன பிரயோஜனம் என்று கேட்டே பழகிவிட்டால் முதலில் கதைப் புத்தகம் போகும், அப்புறம் நாய் போகும், அப்புறம் மன்னார்குடியில் மாடி போர்ஷனில் இருக்கிற அறுபத்தெட்டு வயசுக் கிழவி ஒருத்தியும் கணக்கில் வருவாள். இதைக் கோபத்தில் எழுதவில்லை. சும்மா எழுதினேன். அடித்துவிடலாம் என்று பார்த்தேன், பேனா மசி வழிகிறது, இருக்கட்டும்.

உன் அப்பா கடைசி வருஷம் டயாலிசிஸுக்குப் போய்வந்தாரே, வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் கை அசையாமல் படுத்திருக்க வேண்டும். நீ அப்போது பெங்களூரில் இருந்தாய், லீவு கிடைத்தபோதெல்லாம் வந்தாய், அதைக் குறை சொல்லவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ரொம்ப யோசிக்க வேண்டாத கதைப்புத்தகம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். வாழ்நாள் முழுக்க டிபார்ட்மென்ட் பரீட்சைப் புத்தகம் தவிர எதையும் பிரிக்காத மனுஷர். தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சங்கர்லால் தேநீர் குடிக்கிற இடம் வந்தால், தனக்குத் தண்ணீர் அளவு கட்டு என்பதால், அந்த வரியை இரண்டு தடவை படிப்பார்.

வீட்டில் இருக்கும் நாட்களில் சத்தமாகப் படிப்பார். யாருக்கு என்கிறாய்? கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தவனுக்கு. சாம்பு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் நிறுத்திவிடுவார். அவன் திரும்பி வந்து, மூன்று சுற்றுச் சுற்றி, தொப்பென்று படுத்து, ஒரு பெருமூச்சு விட்டபிறகுதான் அடுத்த வரி. "கதை விட்டுப் போயிடும்ல?" என்பார் என்னிடம். அந்த வருஷத்தில் அவர் சிரித்ததை நான் அந்தக் கட்டிலில்தான் பார்த்தேன்.

ஒருநாள் படித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்தச் சிவப்பு வால்யூம்ல கடைசியில யாரு கொலைகாரன்?" என்று கேட்டார். அப்படியானால் அவரும் ஒளிந்து படித்திருக்கிறார்! பாதி படித்த கதைக்குத்தான் சாக்குப் பிடித்திருக்கிறார். சொன்னேன். "நினைச்சேன்" என்றார். மன்னிப்பு அவரும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அதற்கு மேல் எனக்கு அண்ணனோடு ஒரு கணக்கும் பாக்கி இல்லை. சாக்கைப் பிடித்திருக்க வேண்டாம் என்பது வேறு விஷயம்.

சரி, உன் எதிரில் மூன்று வழி இருக்கிறது. மூன்றையும் நடுநிலையாகச் சொல்கிறேன்.

முதல் வழி தோப்பு. "ஓடி விளையாடுவான் அத்தை" என்றாய். ஒன்பது வயசு நாய், படி இறங்கவே யோசிக்கிறவன், எங்கே ஓடுவான்? தோப்பில் ஏற்கெனவே நாய்கள் இருக்கும். அவை தங்கள் எல்லைக்குள் வந்த வயசான நாயை மாலை போட்டு வரவேற்காது. பகலெல்லாம் சங்கிலி, ராத்திரி அவிழ்ப்பு. மழை விட்டதும் உண்ணி ஏறும், அதில் வரும் காய்ச்சலைப் பார்த்துச் சொல்ல ஆள் இருக்காது. அங்கிருந்து அவன் கிளம்பி நடந்தால் யாரைக் கேட்பாய்? வளர்த்த பிராணியைப் பசிக்கும் தாகத்துக்கும் விட்டுவிட்டுப் போவது 1960ஆம் வருஷச் சட்டப்படியே குற்றம். நீ அப்படிச் செய்கிறாய் என்று சொல்லவில்லை. தோப்புக்காரர் செய்தால் உனக்குத் தெரியவராது என்றுதான் சொல்கிறேன்.

இரண்டாவது வழி நான். வைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். மாடிப்படி பதினெட்டு, இரண்டு பேருக்கும் முட்டி சரியில்லை. அதையும் சமாளிக்கலாம். ஆனால் ராத்திரி எட்டு மணியானால் அவன் உங்கள் வீட்டு வாசலுக்குப் போய் நிற்பான், உள்ளே வாடகைக்கு வந்தவர்கள் இருப்பார்கள். விரட்டுவார்கள். நியாயம்தான், அவர்கள் வீடு. மறுநாளும் போய் நிற்பான்.

மூன்றாவது வழி உன் பிளாட். அசோசியேஷன் விடாது என்றாய். விலங்குகள் நல வாரியம் 2015லேயே எழுத்தில் சொல்லிவிட்டது: குடியிருப்புச் சங்கங்கள் செல்லப் பிராணி வளர்க்கக் கூடாது என்று தடை போட முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. செயலாளரிடம் சண்டைக்குப் போகாதே. அந்தத் தாளை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, கூடவே கொஞ்சம் முறுக்கும் எடுத்துக்கொண்டு போ. நம் பக்கமும் கடமை உண்டு. வெளியே கூட்டிப் போகும்போது கழுத்தில் வார் இருக்க வேண்டும், போன இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், மாநகராட்சி உரிமம் எடுக்க வேண்டும். உரிமத்துக்கு வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள்.

இன்னொன்று, உன் அம்மா. காலையில் நீ ஆபீஸுக்குப் போனால் ராத்திரிதான் வருகிறாய். எட்டாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் யாரோடு பேசுவாள்? இங்கே விடிந்ததிலிருந்து, "பருப்பு வேகலைடா, இந்தக் கேஸ்காரன் வரலைடா" என்று எல்லாம் அவனிடம்தான். சர்க்கரைக்கு நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் நடக்க மாட்டாள். சாம்பு கதவைப் பிராண்டினால் செருப்பைத் தேடுவாள். உன் அப்பா போனபிறகு அவளைத் தினமும் தெருவுக்குக் கூட்டிப்போனவன் அவன். நீயும் நானும் இல்லை.

மூன்றில் எது என்று நீயே யோசித்துக்கொள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒருவேளை மூன்றாவது என்று உனக்குத் தோன்றினால் சில குறிப்புகள். ரயிலில் நாயை நம்மோடு வைத்துக்கொள்ள முதல் வகுப்பு ஏ.சி.யில் தனி அறையாக முழுசாகக் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் கார்டு பெட்டியில் கூண்டு. இந்த வயசில் கூண்டு வேண்டாம், காராகவே பேசிக்கொள்ளலாம். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னால் சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும். அவன் படுக்கும் போர்வையைத் துவைக்காமல் அப்படியே கொண்டுபோ. கண் மங்கினாலும் மூக்கு இருக்கிறது, புது வீட்டில் அந்த வாசனைதான் அவனுக்கு விலாசம். சோபாவையும் மேஜையையும் அடிக்கடி இடம் மாற்றாதே. வெங்காயம் போட்ட எதுவும் கூடாது. திராட்சை, உலர்ந்த திராட்சை, சாக்லேட் மூன்றும் அவனுக்கு விஷம். உன் ஆபீஸில் தருகிற பரிசுப் பெட்டியைக் கீழே வைத்துவிடாதே. காய்ச்சல் என்றால் நம் மாத்திரையில் பாதி கொடுப்போம் என்று அம்மா கிளம்புவாள், தடுத்துவிடு. எதுவானாலும் கால்நடை மருத்துவர்தான்.

படிப்பு விஷயத்துக்குக் குறிப்பு இவ்வளவு நீளம் இல்லை. சுவரில் ஒட்டிய 50ஐக் கிழித்துவிடு. ராத்திரி போனை வேறு அறையில் வைத்துவிட்டு அரைமணி நேரம் படு. பிடித்தால் படி, பிடிக்காவிட்டால் பாதியில் தூக்கிப் போடு, தூக்கம் வந்தால் மூஞ்சியில் கவிழ்த்துக்கொண்டு தூங்கு. எதையும் குறித்து வைக்காதே. நீ இதெல்லாம் தெரியாதவள் இல்லை. ஐந்தாம் வகுப்பு லீவில் என் வீட்டு மாடியில் பழைய முத்து காமிக்ஸைக் குவித்துப் போட்டுக்கொண்டு சாப்பாட்டுக்குக்கூட இறங்கமாட்டாய். இரும்புக்கை மாயாவி மின்சாரத்தைத் தொட்டால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியுமே, அதைப் பார்த்துவிட்டுப் பிளக் பாயின்ட்டில் ஹேர்பின்னைச் செருகப் போனாய். நல்லவேளை கரண்ட் இல்லை. உன் அப்பா அதற்கும் என்னைத்தான் திட்டினார். அந்தக் குழந்தைக்குக் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது, பாப்பா. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அதைத் தேடினேன். போன் கேமரா சரியில்லையோ என்னவோ.

ரொம்ப எழுதிவிட்டேன். நீ இதைப் படிக்கும்போது கிழவி உபதேசம் பண்ணுகிறாள் என்று உதட்டைப் பிதுக்குவது எனக்குத் தெரிகிறது. நம் குடும்பத்திலேயே உன்னைப் போலப் பொறுப்பான பெண் கிடையாது. அப்பா போன மாசமே வேலைக்குத் திரும்பிப் போய், கடனை அடைத்து, வீட்டுக்கு ஓடு மாற்றி, அம்மாவையும் பார்த்துக்கொள்கிறாய். இந்த வயசில் நாங்கள் யாரும் இதில் பாதிகூடச் செய்ததில்லை. நான் சொன்னதில் எதையும் நீ கேட்க வேண்டாம். கதை படிக்காவிட்டால் என்ன, தலையா போய்விடும்? தோப்பு என்றாலும் எனக்குச் சம்மதம், பட்டுக்கோட்டை பஸ்ஸில் மாதம் ஒருமுறை நானே போய்ப் பார்த்துவிட்டு வருவேன், பெரிய தூரமா? நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கினால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம். நீ எது செய்தாலும் யோசித்துத்தான் செய்வாய். அந்த நம்பிக்கை எனக்கு உன் மேல் எப்போதும் உண்டு, என்னைத் தவிர வேறு யாருக்கும் அவ்வளவு இருக்காது.

பார்சல் ஒன்று அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் அதிரசம், உனக்குப் பிடித்த நார்த்தங்காய் ஊறுகாய், சுஜாதாவின் கணேஷ்-வசந்த் இரண்டு, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா ஒன்று. ஊறுகாய் எண்ணெய் புத்தகத்தில் படாமல் தனித்தனியாகத்தான் கட்டியிருக்கிறேன். பட்டிருந்தாலும் திட்டாதே, கதைக்கு ஒன்றும் ஆகாது.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுத நேரமில்லாவிட்டால் போன் பண்ணு. மூன்றேகாலுக்கு வேண்டாம், சாப்பிட்டுவிட்டுப் பண்ணு.

நிறைய ஆசிகளோடும் முத்தங்களோடும்,
உன் அத்தை.

பி.கு.: சாம்புவுக்குப் போன செவ்வாய்க்கிழமை வெறிநாய்த் தடுப்பூசி போட்டாயிற்று. சான்றும் மருத்துவ அட்டையும் உன் அம்மாவின் பச்சைக் கைப்பையில் இருக்கின்றன. தை மாசத்துக்குப் பெரிய வண்டியாக ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், பின் சீட்டை மடக்கிக்கொள்ளலாம் என்று டிரைவர் சொன்னார். முன்பணம் நூறு ரூபாய்தான் கொடுத்தேன், வேண்டாம் என்றால் திருப்பித் தருவார். முடிவு உன்னுடையது.